குஞ்சுப் புறாவைப் பழக்குவதில் அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், பெரம்பூர் பக்கத்து மாடிகளில் புறாக் கூடைகளைத் தூசி தட்டி எடுப்பார்கள். ஆவணி, புரட்டாசியில் பொரித்த ஹோமர் குஞ்சுகளை, அதாவது தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாவின் குஞ்சுகளை, பந்தயத்துக்கு முன்னால் டாஸுக்கு (கூடையில் கொண்டுபோய்த் தொலைவில் விட்டு வீடு திரும்பப் பழக்குவதற்கு) எடுத்துப்போகும் நேரம் இது. ஒவ்வோர் ஆண்டும் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் தொலைவதும் இந்த நேரத்தில்தான். வல்லூறு அடித்துவிட்டது, செல்போன் டவர் குழப்பிவிட்டது, யாரோ பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். ஒன்றிரண்டு குஞ்சுகளின் விஷயத்தில் அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் பெரும்பாலான குஞ்சுகள் தொலைவதற்கான காரணம், அவை கூடையில் ஏறுவதற்கு முன்பே நம் மாடியில் உருவாகிவிடுகிறது. கூண்டுப் பழக்கம் முடியாத குஞ்சை எடுத்துப்போய் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் விட்டால் அது எங்கே திரும்பும்? புதிதாகப் புறா வளர்க்க வந்திருக்கும் தம்பிகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் வயது. முட்டை பொரிய 17, 18 நாள் ஆகும். பொரித்த ஏழாம் நாளையொட்டிக் காலில் வளையம் போட்டுவிட வேண்டும்; தாமதித்தால் பின்விரலைத் தாண்டி வளையம் ஏறாது. 25 முதல் 28 நாளில் குஞ்சைத் தாயிடமிருந்து பிரிக்கலாம். நாளை மட்டும் எண்ணாமல் இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் சதை தெரியாமல் இறகு மூடியிருந்தால் பிரிக்கலாம், வெற்றுத்தோல் தெரிந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். சந்தையில் வாங்குவதென்றாலும் இந்த வயதுக் குஞ்சைத்தான் வாங்க வேண்டும். நன்றாகப் பறந்து பழகிய ஹோமரை விலைக்கு வாங்கி, பத்து நாள் அடைத்து வைத்துவிட்டுத் திறந்தால் அது பழைய வீட்டுக்குத்தான் போகும். அதற்காகவே பல தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம் அது. அப்படி வாங்கிய பெரிய புறாவை உள்ளேயே ஜோடி சேர்த்து, அதன் குஞ்சைப் பறக்கவிடுவதுதான் முறை.

பிரித்த முதல் நாளில் பலரும் கவனிக்காமல் விடுவது தண்ணீர். அதுவரை தாயின் வாயிலிருந்தே வாங்கிக் குடித்த குஞ்சுக்குத் தண்ணீர்க் குவளை எது என்றே தெரியாது. தானியத்தைக் கொத்திக்கொண்டு தாகத்தோடு ஒரு மூலையில் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கும். குஞ்சைக் கையில் பிடித்து, மூக்குத் துளை நனையாமல் அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை தொடவையுங்கள். ஒரு குஞ்சு உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்தால் மற்றவையும் வந்துவிடும். கூண்டில் நெருக்கமும் கூடாது. குஞ்சு ஒன்றுக்குத் தரையில் 2 சதுர அடியாவது இடம் வேண்டும். உட்காரத் தனித்தனிப் பலகையும் வேண்டும். தனக்கென்று ஒரு பலகை பிடித்த குஞ்சுக்குத்தான் அந்தக் கூண்டு வீடாகும். இடத்துக்குச் சண்டை போட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கும் குஞ்சு, வெளியே விட்டதும் பக்கத்து மாடியில் போய் உட்காரும். அதைக் குஞ்சின் குறை என்று சொல்ல முடியாது.

விசிலையும் அன்றே தொடங்கிவிட வேண்டும். விசிலோ, டப்பாவில் தானியத்தைக் குலுக்கும் சத்தமோ, எதுவாக இருந்தாலும் ஒரே சத்தமாக இருக்கட்டும். தீனி போடும்போது மட்டும் அந்தச் சத்தம் வர வேண்டும், சத்தம் வந்தால் தீனி கட்டாயம் விழ வேண்டும். சும்மா விளையாட்டுக்கு ஊதினால் ஒரு வாரத்தில் அந்த விசிலுக்கு மதிப்பு போய்விடும். தீனி ஒரு குஞ்சுக்கு நாளைக்குச் சுமார் 30 கிராம்: காலையில் 10, மாலையில் 20. கம்பு, கோதுமை, சோளம், பச்சைப்பயறு கலந்து போடலாம். வளரும் குஞ்சுக்குப் பயறு கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. செங்கல் தூள், கிளிஞ்சல், கரித்தூள், கொஞ்சம் உப்பு கலந்த கிரிட் எப்போதும் தட்டில் இருக்கட்டும். நாள் முழுக்கத் தீனியை அப்படியே வைத்திருக்கும் கூண்டில் எந்தக் குஞ்சும் விசிலுக்கு இறங்காது. பசி ஏறட்டும் என்று பட்டினி போட்டால் இன்னொரு ஆபத்து உண்டு. வலுவில்லாத குஞ்சு வழியில் எங்கே தானியம் கண்டாலும் அங்கேயே இறங்கிவிடும்.

அடுத்தது மாடி வலை. கூண்டு வாசலோடு ஒட்டினாற்போல, மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கம்பிவலைப் பெட்டி போதும். ஐந்து முதல் ஏழு நாள் வரை, காலையும் மாலையும் குஞ்சுகள் அதற்குள் வந்து உட்கார்ந்து ஊரைப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம், பக்கத்து வீட்டுத் தகரம் எல்லாம் அதன் கண்ணில் பதிய வேண்டும். கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. ஜெர்மனியில் வால்ராஃப், இத்தாலியில் பாப்பி ஆகியோர் நடத்திய ஆய்வுகளில், நான்கு பக்கமும் காற்று வராமல் மறைத்து வளர்த்த புறாக்கள் வெளியே கொண்டுபோய் விட்டபோது வீட்டுத் திசையைச் சரியாகப் பிடிக்கவில்லை. எந்தத் திசைக் காற்றில் எந்த மணம் வருகிறது என்பதைக் குஞ்சு கூண்டில் இருந்தபடியே கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். மழைக்குப் பயந்து மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடி வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மழை அடிக்கும் பக்கத்தை மட்டும் மூடினால் போதும். மழை நின்றதும் தார்ப்பாயைச் சுருட்டிவிடுங்கள்.

வாசல் பழக்கமும் அந்த வாரத்திலேயே முடிய வேண்டும். உள்பக்கம் மட்டும் தள்ளிக்கொண்டு திறக்கும் அலுமினியக் கம்பிகள்தான் நம் கூண்டுகளில் வழக்கம். முதல் இரண்டு நாள் கம்பிகளை எல்லாம் மேலே தூக்கிக் கட்டிவிட்டு, திறந்த வாசலில் விசிலுக்கு உள்ளே வரப் பழக்குங்கள். பிறகு ஒன்று விட்டு ஒன்றாகக் கம்பியைத் தொங்கவிடுங்கள். கடைசியில் முழுவதையும் இறக்கிவிட்டு, நெஞ்சால் தள்ளிக்கொண்டு நுழைய வையுங்கள். கம்பிக்குப் பயப்படும் குஞ்சைக் கையால் மெதுவாக இரண்டு முறை உள்ளே தள்ளிவிட்டால் பயம் தெளிந்துவிடும். பந்தயத்தில் புறா மாடிக்கு வந்த நேரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அது உள்ளே நுழைந்து பதிவான நேரம்தான் கணக்கு. ஐந்நூறு கிலோமீட்டர் பறந்து வந்துவிட்டு வாசல் எதிரே கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் புறாவைப் பார்த்தால், அதற்குக் குஞ்சிலேயே வாசல் பழக்கம் சரியாக அமையவில்லை என்று சொல்லிவிடலாம்.

முதல் முறை திறந்துவிடுவதற்கு ஏற்றது, குஞ்சு இன்னும் வலுவாகப் பறக்கத் தெரியாத 35 நாள் வயது. மாலைத் தீனிக்கு முன், பசியோடு இருக்கும்போது, காற்று தணிந்த பிறகு, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கையில் திறக்க வேண்டும். திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குஞ்சுகள் தாமாக நடந்து வெளியே வந்து, கூண்டுக் கூரையில் ஏறி, கழுத்தைச் சாய்த்து வானத்தைப் பார்க்கும். ஒன்று இறக்கையை அடித்து ஓரடி எழும்பி அதே இடத்தில் இறங்கும். அன்றைக்கு அவ்வளவுதான் நடக்க வேண்டும். அரை மணி நேரத்தில் விசில் கொடுத்து, உள்ளே தீனி போட்டு, எண்ணிப் பார்த்துவிட்டு அடைத்துவிடுங்கள். கை தட்டி, துணியை ஆட்டிக் கிளப்பிவிடுவதுதான் இந்த நிலையில் செய்யக்கூடாத பெரிய தவறு. பயந்து கிளம்பிய குஞ்சு கண்மூடித்தனமாக மேலே ஏறும்; மேலே அடிக்கும் கடற்காற்று அதை அம்பத்தூர் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். இறங்கத் தெரியாமல் சுற்றி, களைத்துப்போய், கண்ணில் பட்ட கூட்டத்தோடு விழும். பூனை, நாய், பட்டாசுச் சத்தம் எல்லாமே அதே விளைவைத்தான் தரும். கல்யாணமோ கட்சி ஊர்வலமோ இருக்கும் நாளில் குஞ்சைத் திறக்காதீர்கள்.

45 நாளைத் தாண்டி, இறக்கை முற்றிய குஞ்சு கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரு பக்க இறக்கையில் நான்கைந்து பெரிய இறகுகளைச் சேர்த்து, இறகைப் பிய்க்காத காகித டேப்பால் தளர்வாகக் கட்டலாம். குதித்து ஏற முடியும், பறந்து போக முடியாது. ஒரு வாரம் மாடியில் நடமாடிப் பழகியதும் அவிழ்த்துவிட வேண்டும். கட்டியிருக்கும் நாள்களில் பூனை வந்தால் அதற்குத் தப்பிக்க வழியில்லை என்பதால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கத்தரிக்கோலால் இறகை வெட்டுவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. வெட்டிய இறகு, இறகு உதிரும் காலம் வரும்வரை முளைக்காது. பிடுங்கினால் வேர் கெட்டு, அடுத்து வரும் இறகு கோணலாக முளைப்பதும் உண்டு.

இப்படி நாள்தோறும் திறந்துவிட்டால் ஆறு, ஏழு வார வயதில் குஞ்சுகள் கூட்டமாகச் சேர்ந்து கூண்டைச் சுற்றிப் பறக்கத் தொடங்கும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒருநாள் கூட்டம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ கழித்து வேறு திசையிலிருந்து வரும். புதியவர்கள் பதறிப்போவது அன்றுதான். உண்மையில் அது மகிழ வேண்டிய நாள். குஞ்சுகள் தாமாகவே ஊரைப் படிக்கப் போயிருக்கின்றன. இப்படி இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து போய்த் திரும்பிய கூட்டத்தைத்தான் கூடையில் ஏற்ற வேண்டும். கூண்டுக்கு மேலேயே பத்து நிமிடம் சுற்றிவிட்டுக் கூரையில் உட்காரும் கூட்டம் இன்னும் தயாராகவில்லை. பந்தயத் தேதி நெருங்கிவிட்டது என்பதற்காக அதை ஏற்றாதீர்கள்.

கூடைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். டாஸுக்கு முன், கூண்டுக்குள்ளேயே ஓர் இரவு கூடையில் வைத்து, வெளிப்பக்கம் மாட்டிய தொட்டியிலிருந்து தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். பின்னால் நீண்ட பந்தயத்துக்கு லாரியில் போகும்போது, கூடைத் தண்ணீரைக் குடிக்கத் தெரியாத புறாதான் முதலில் சோர்ந்துபோகும். இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள கூடையில் 12 குஞ்சுகளுக்கு மேல் வேண்டாம்.

சென்னை ஹோமர் பந்தயங்களின் பாதை வடக்கே, ரயில் தடத்தையொட்டி ஆந்திரப் பக்கம் போகிறது. ஆகவே டாஸும் அதே திசையில்தான் போட வேண்டும். முதல் டாஸ் 2, 3 கிலோமீட்டர்; அடுத்து 5, அடுத்து 10. இவை ஒவ்வொன்றையும் இரண்டு முறையாவது செய்யுங்கள். பிறகு சென்ட்ரலிலிருந்து வான்வழியாகக் கணக்கிட்டால் மீஞ்சூர் சுமார் 20, பொன்னேரி 30, கும்மிடிப்பூண்டி 40, சூளூர்பேட்டை 75, நாயுடுபேட்டை 100, கூடூர் சுமார் 125 கிலோமீட்டர். பொன்னேரி வரைக்கும் பொறுமையாக ஏறிய கூட்டம் அதற்கு மேல் அதிகம் தடுமாறாது. மீஞ்சூரைத் தாண்டாத குஞ்சை நண்பரின் வண்டி போகிறதே என்று சூளூர்பேட்டைக்கு அனுப்புவதில்தான் இழப்பு. அந்தப் பக்கம் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. திசை தவறித் தண்ணீருக்கு மேல் போன குஞ்சுக்கு இறங்க இடம் கிடைக்காது. பொன்னேரியைத் தாண்டும் முன் ஒரு முறையாவது கூடையைத் திறந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக, ஐந்து நிமிட இடைவெளியில் விட்டுப் பாருங்கள். கூட்டத்தோடு மட்டுமே வரத் தெரிந்த குஞ்சு, கூட்டம் சிதறும் நாளில் நடுவானில் நிற்கும்.

விடும் இடத்தில் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கக் கூடாது. கூடையை இறக்கி, வானம் தெரியும்படி வைத்து, இருபது நிமிடம் சும்மா விடுங்கள். வண்டியின் ஆட்டம் அடங்கி, குஞ்சுகள் தலையை நிமிர்த்திச் சூரியன் இருக்கும் பக்கத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கிய பின் திறக்க வேண்டும். புறாவுக்குச் சூரியன்தான் முதல் திசைகாட்டி. அமெரிக்காவில் கீட்டன் 1971இல் வெளியிட்ட ஆய்வில், முதுகில் சிறு காந்தம் ஒட்டிய அனுபவமுள்ள புறாக்கள் வெயில் நாளில் வீட்டுத் திசையைச் சரியாகப் பிடித்தன. மேகம் மூடிய நாளில் தடுமாறின. சூரியன் மறைந்தால் பூமியின் காந்தத்தை நம்பிப் புறா வருகிறது என்பதை அது காட்டியது. பழகிய புறாவே அப்படியென்றால், குஞ்சை மூட்டமான நாளில் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. மார்கழியில் பனி விலகும்வரை, ஏழரை எட்டு மணியானாலும் காத்திருங்கள். போகியன்றும் மறுநாள் காலையும் டாஸே வேண்டாம். பனியும் புகையும் சேர்ந்து நகரத்தின் மேல் மூடியிருக்கும்போது குஞ்சு வீட்டு மாடியைத் தேடி இறங்க முடியாது. தை பிறந்த பின் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று பின்காற்றாக உதவும். நல்ல நாளில் புறா மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கும்மிடிப்பூண்டியில் விட்டது முக்கால் மணி நேரத்தில் வந்தால் திருப்தி. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் கவலை வேண்டாம், முதல் முறை எல்லாக் குஞ்சும் கொஞ்சம் சுற்றித்தான் வரும். பாதிக் கூட்டம் மறுநாள் வந்தால் அடுத்த தூரத்துக்குப் போகாமல், இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, ஒரு படி கீழே இறங்கித் தொடங்க வேண்டும்.

கூடையில் ஏற்றும் முன் ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்துப் பார்ப்பது கட்டாயம். எச்சம் உருண்டையாக, மேலே வெள்ளை வைத்து இருக்க வேண்டும். பச்சையாக நீர்த்துப் போனால் அந்தக் குஞ்சு வீட்டில் இருக்கட்டும். வாயைத் திறந்தால் தொண்டையில் மஞ்சள் கட்டி தெரிகிறதா, அலகோரத்திலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். கொசுக்கடியில் பரவும் அம்மை மழைக்குப் பின் அதிகம். கழுத்து திருகும் நோய்க்கான தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு டாஸ் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். இறக்கையை விரித்துப் பத்துப் பெரிய இறகுகளையும் எண்ணுங்கள். உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக உதிர்ந்து முளைக்கும். கடைசி இரண்டு இறகு பாதி வளர்ச்சியில் இருந்தால் நீண்ட டாஸ் கூடாது.

வல்லூறும் பைரியும் இந்த மாதங்களில் அதிகம் வரும் என்பது உண்மைதான். நாள்தோறும் ஒரே நேரத்தில் திறப்பதை மாற்றிக்கொண்டால் இழப்பு குறையும். அவற்றைக் கல்லாலும் கண்ணியாலும் அடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; செய்யவும் கூடாது. அவற்றைவிட நம்மை அதிகம் வருத்துவது மாஞ்சா நூல். தடை இருந்தும் மாடிகளில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இறக்கையின் மூட்டில் அந்த நூல் அறுத்துவிட்டால் அந்தப் புறா பிறகு பறப்பது அரிது. மனிதர்களின் கழுத்தையே அறுத்த நூல் அது. காவல்துறை கடைகளில் மட்டும் பார்க்காமல், விடுமுறை நாள்களில் மாடிகளிலும் பார்க்க வேண்டும்.

புறா வளர்ப்பது வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒடிசா காவல்துறை 1946இல் தொடங்கித் தபால் புறாக்களை வைத்திருந்தது. 1948இல் சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்கு நேருவின் செய்தியை அந்தப் புறாதான் கொண்டுபோனது. புயலிலும் வெள்ளத்திலும் கம்பிகள் அறுந்தபோது அவை பயன்பட்டன.

எனவே உங்கள் மாடியில் காலில் வளையத்தோடு ஒரு புறா களைத்துப்போய் உட்கார்ந்திருந்தால் விரட்ட வேண்டாம், பிடித்து அடைக்கவும் வேண்டாம். அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். ஒரு கைப்பிடி கம்போ அரிசியோ போடுங்கள். சோறும் ரொட்டியும் வேண்டாம். பூனை வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அடுத்த நாள் வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். இரண்டு நாளாகியும் போகாவிட்டால் வளையத்தில் இருக்கும் சங்கத்தின் சுருக்கெழுத்து, ஆண்டு, எண் மூன்றையும் படம் எடுத்து, உங்கள் பகுதியில் புறா வளர்க்கும் யாரிடமாவது காட்டுங்கள். அந்த எண்ணை வைத்து உரியவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஹோமர் புறா வளர்ப்போர் சிலர்,
வட சென்னை.